நெய்யில் வதக்கினால் மருந்து

அக்டோபர் 3, வியாழன்

வந்து சேர்ந்துவிட்டேன். கம்பத்திலிருந்து மதுரை, மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து வாயில் நுழையாத ஓர் ஊர், அங்கிருந்து இங்கே. இத்தனை விமானம் ஏறி இறங்கியவள் எங்கள் தெருவிலேயே சுருளியம்மாள் ஒருத்திதான். இந்த டைரியை எழுதுவதே, திரும்பிப் போனதும் நாத்தனார் குருவம்மாளை எதிரில் உட்கார வைத்துப் படித்துக் காட்டத்தான். "அஞ்சாப்பு படிச்சவ அமெரிக்காவுல போயி என்னத்தப் பேசுவ?" என்று பந்தியில் வைத்துக் கேட்டவள் அவள். மதினி, கேட்டுக்கொள்.

இறங்கிய இடத்தில் ஒரு அதிகாரி என் பையைக் காட்டி என்னவோ கேட்டான். மாப்பிள்ளை போனில் சொல்லித் தந்தபடி "பிக்கிள்" என்றேன். இன்னொன்று கேட்டான். "பிக்கிள்" என்றேன். கடைசியில் அவனே சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டான். ஒரே சொல்லில் ஒரு தேசத்துக்குள் நுழைந்தவள் நான்.

மகள் வைகைச்செல்வியைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. ஆறாம் மாதம் முடியப் போகிறது. வயிறு மட்டும் இருக்கிறது, ஆளைக் காணோம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மூன்றாம் மாதத்தோடு நிற்க வேண்டிய மசக்கை இவளை மட்டும் விடவில்லை. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். மாப்பிள்ளை திருமூர்த்திக்குக் கம்ப்யூட்டர் வேலை. வாந்தி வாளியைத் தானே கழுவுகிறார். (மதினி, உன் மருமகன் தான் குடித்த டம்ளரையாவது நகர்த்தியிருக்கிறாரா?)

பெட்டியைப் பிரித்ததும் ஊறுகாய் நான்கு டப்பா, லேகியம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். எல்லாம் சிந்தாமல் வந்திருக்கிறது.

அக்டோபர் 5, சனி

காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு ஓர் உருண்டை. "இஞ்சி லேகியம்தான் தாயி, முழுங்கு" என்றேன். முழுங்கினாள்.

அக்டோபர் 9, புதன்

வாந்தி நின்றது! நின்றது! நின்றது!

நேற்றிரவு இரண்டு தோசை. இன்று காலை மூன்று. மதியம் சோறு, கீரைக் குழம்பு, அதற்கு மேல் ஊறுகாய் தொட்டு இன்னொரு கை சோறு. "அம்மா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக நான் இன்னும் பத்து விமானம் ஏறுவேன். மாப்பிள்ளை அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க டாக்டருக்கெல்லாம் டாக்டர்" என்றார். நான் சேலை முந்தானையை மட்டும் சரிசெய்துகொண்டேன்.

லேகியத்தின் பக்குவத்தை எழுதி வைக்கிறேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கருப்பட்டி, பசு நெய். எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒரு கைப்பிடி காய்ந்த இலை. மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஆளிடம் சொல்லி வைத்தால் கொண்டுவந்து தருவார். பெயர் எழுத மாட்டேன், ஆளுக்கும் சரி, இலைக்கும் சரி. போலீஸ்காரர்கள் அதைத் தேடுகிறார்கள் என்றால், அதைப் புகைக்கிற தறுதலைகளுக்காகத் தேடுகிறார்கள். புகைத்தால்தான் அது அது. நெய்யில் வதக்கினால் மருந்து. மசக்கை நிற்காதவளுக்கும், பசி எடுக்காதவளுக்கும், மூட்டு வலிக்காரிக்கும்.

மதினிக்குப் படிக்கும்போது இந்தப் பத்தியைத் தாண்டிவிட வேண்டும். அவளுக்கு நாக்கு நீளம்.

அக்டோபர் 21, திங்கள்

முழங்கால் வலிக்கு நானும் தினம் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் குளிரில் வேறு வழியில்லை.

இன்று பாத்திரம் கழுவுகிற இயந்திரத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே தண்ணீர் சுழல்கிற சத்தம், எங்கள் குருவம்மாள் மதினி கோபத்தில் வாய் கொப்பளிக்கிற மாதிரியே இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்க வந்த வைகைக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போதும், உள்ள உன் பேத்தி உதைக்கிறா" என்கிறாள். பேத்திக்கும் சிரிப்பு தாங்கவில்லை போலிருக்கிறது.

பெண்தான் என்று இங்கே முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா வீடே மாறிப்போச்சு அத்தை" என்றார். மாறத்தான் செய்யும். தாய் வந்த வீடு.

நவம்பர் 13, புதன்

டாக்டரம்மாவிடம் போனோம். குழந்தை மாதத்துக்குக் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்றாள். "வாந்தியில பட்ட பாடு" என்றேன் நான். மாப்பிள்ளையும் அதையே இங்கிலீஷில் சொன்னார். டாக்டரம்மா சிகரெட், பீர், கஞ்சா என்று வரிசையாக வைகையிடம் கேட்டாள். வைகை ஒவ்வொன்றுக்கும் 'நோ' சொல்லிச் சிரித்தாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்கள் கேட்டது புகைப்பதைப் பற்றித்தானே.

சுவரில் ஒரு படம், கர்ப்பிணியின் வயிறும் பக்கத்தில் ஓர் இலையும், மேலே சிவப்புக் கோடும். நான் அந்தப் பக்கம் உட்காராமல் மீன் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தேன். மீன் அழகாக இருந்தது.

திரும்பி வரும்போது காரில் வைகை தூங்கிவிட்டாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

வளைகாப்பு! பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து தெலுங்குக்காரி, குஜராத்திக்காரி, ஒரு சீனாக்காரி எல்லாரும் வந்தார்கள். சீனாக்காரிக்கும் வளையல் போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவள் பார்சல் கொடுக்க வந்தவளாம். ஏழு வகைச் சோறும் நான் ஒருத்தியாகவே செய்தேன். பார்சல்காரி புளிச்சோற்றை டப்பாவில் கட்டிக்கொண்டு போனாள்.

வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே வளையல் சத்தம். மகள் முகத்தில் மஞ்சள். எனக்கு ஆடத் தோன்றியது. ஆடினேன். மாப்பிள்ளை படம் எடுத்துவிட்டார்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கலன்று பிறந்துவிட்டாள் என் மகாராணி!

கொஞ்சம் எடை குறைவுதான். ஆனால் குரலைக் கேட்டால் எடையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. தலை நிறைய முடி. மூக்கு என்னுடையது, அது பேச்சுக்கே இடமில்லாத உண்மை. மாப்பிள்ளை தன் அம்மாவின் மூக்கு என்றார். சந்தோஷத்தில் உளறுகிறார், விட்டுவிட்டேன்.

நர்ஸ் என் கையில் வைத்தபோது அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். 'நீதானா அது?' என்பது போல. நான்தான் தாயி. நானேதான்.

இன்றைக்கு எனக்கு முழங்காலே இல்லை. வராந்தாவில் பறந்தேன்.

ஜனவரி 16, வியாழன்

பெயர் இன்னும் வைக்கவில்லை. நான் சீனிக்கட்டி என்று கூப்பிடுகிறேன்.

மத்தியானம் டாக்டரும் நர்ஸும் வந்து கதவைச் சாத்திக்கொண்டு வைகையிடம் பேசினார்கள். பிரசவத்துக்கு வருகிறவளின் சிறுநீரை இந்த ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்ப்பார்களாம். வைகையுடையதில் என்னவோ தெரிந்திருக்கிறது. அதனால் சீனிக்கட்டியின் முதல் மலத்தையும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். "என்ன தெரிஞ்சதாம்?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "ஏதோ தப்பு நடந்திருக்கு அத்தை, ஆள் மாறியிருக்கும்" என்றார்.

ஆமாம், மாறியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரி.

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

ஆள் மாறவில்லை. குழந்தையின் சோதனையிலும் வந்துவிட்டது. கஞ்சா.

மாப்பிள்ளை மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "வைகை, நான் கோவப்படல. அந்த வளைகாப்புக்கு வந்தவங்க கேக் எதுவும் குடுத்தாங்களா?"

"கேக்கா? உங்க ஆபீஸ் பார்ட்டியில ஒருத்தன் சாக்லேட் டப்பா குடுத்தானே, அத எங்க வச்சீங்க?"

"அத நான் தொடவே இல்ல."

"அப்ப நான் தொட்டேங்கிறீங்களா?"

நடுவில் நான். சீனிக்கட்டியின் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அகலத் தொப்பியை எத்தனை தடவைதான் மடிப்பது?

வீட்டுக்கு வந்ததும் லேகிய பாட்டிலை எடுத்து அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். எறும்பு வந்துவிடக்கூடாதே என்றுதான். வெளியே முழங்கால் அளவு பனி. எறும்பு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 18, சனி

மாப்பிள்ளை காபி வாங்கப் போனார். வைகை குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா. நீ வர்றதுக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட்ல ஒண்ணுமே இல்ல."

"அப்படியா தாயி."

"அந்த லேகியத்துல என்ன போட்ட?"

"சுக்கு, மிளகு, திப்பிலி."

"அப்புறம்?"

"ஏலம். கருப்பட்டி."

"அப்புறம்?"

"நெய்யி."

"அம்மா."

நான் சீனிக்கட்டியைப் பார்த்தேன். அவள் நல்ல தூக்கம்.

"எலயா?" என்று கேட்டாள்.

"மருந்து தாயி. வதக்கிட்டா அதோட வெசமெல்லாம்..."

அவள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று கிட்டப் போனேன். தள்ளிவிட்டாள். "இஞ்சின்னு சொன்னியேம்மா. தினம் வாயத் தொறந்தேனே, குருவிக்குஞ்சு மாதிரி." அவ்வளவுதான் சொன்னாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ எதுவும் பேசாத. நானே வாங்கித் தின்னேன்னு சொல்லிக்கிறேன். வாந்தி தாங்க முடியாம தின்னுட்டேன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. நீ விசாவுல வந்திருக்க. உன்னப் புடிச்சு உள்ள வச்சாலும் வைப்பாங்க. யாரும் கேட்டா எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லு" என்றாள்.

மாப்பிள்ளை காபியோடு வந்துவிட்டார். எனக்கும் ஒன்று வாங்கியிருந்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

ஜனவரி 20, திங்கள்

விசாரணை முடிகிற வரை குழந்தையை வீட்டுக்கு விட மாட்டார்களாம்; வைகையும் கூடவே ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். இன்று அங்கிருந்து வரும் வழியில் மாப்பிள்ளை காரை ஓரமாக நிறுத்தினார். ஏதோ ரிப்பேர் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

"வைகையே ஒத்துக்கிட்டா அத்தை. தான்தான் சாப்ட்டேன்னு. என்கிட்டகூட சொல்லல பாருங்க. தெரிஞ்சே சாப்ட்டவங்கன்னா விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் பாப்பாவ வேற குடும்பத்துல விட்டாலும் விடுவாங்களாம். நாளைக்கு நம்ம வீட்டப் பாக்க ஒரு அம்மா வர்றாங்க. அவங்க எழுதறதுதான்."

வேறு குடும்பம். யாரோ ஒருத்தி என் சீனிக்கட்டிக்குக் குளிக்க ஊற்றுவாள். கை சூடாக இருக்கிறதா, தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று அவளுக்கு யார் சொல்லுவார்கள்? ராத்திரி அழுதால் என்ன பாட்டுப் பாடுவாள்?

மாப்பிள்ளையின் முதுகைத் தட்டினேன். உண்மை வாய் வரைக்கும் வந்தது. 'எனக்குத் தெரியாது' என்று மகள் சொல்லித் தந்த சொல்லும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. இரண்டும் இடித்துக்கொண்டு ஒன்றும் வெளியே வரவில்லை.

மதினி, உனக்குப் படித்துக் காட்டுவது அந்தக் காரோடு முடிந்தது. இனி எழுதுவது எனக்கு.

ஜனவரி 21, செவ்வாய்

காலையிலேயே குழிப்பணியாரம் சுட்டேன். விசாரிக்க வருகிறவளானாலும் வீட்டுக்கு வருகிறவள்தானே.

வந்தவள் பெயர் டெனீஸ். கறுத்த, பெரிய, லட்சணமான பொம்பளை. யாரும் சொல்லாமலே வாசலில் பூட்ஸைக் கழற்றினாள். அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது. தொட்டிலைப் பார்த்தாள், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள், குளியலறை வெந்நீரில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்று மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மேசை நடுவில் போனை வைத்தாள். போனுக்குள்ளிருந்து ஒரு பையன் குரலில் தமிழ்!

"வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் கதைக்கிறதெல்லாத்தையும் ஒண்டும் விடாமல் அவவுக்குச் சொல்லுவன். அவ சொல்றதை உங்களுக்குச் சொல்லுவன்."

இலங்கைத் தமிழ். எந்தத் தமிழானால் என்ன, எனக்குப் பாதி பயம் போய்விட்டது. "எய்யா, உனக்கு எந்த ஊருய்யா? சாப்ட்டியா?" என்றேன்.

அவன் அதை இங்கிலீஷில் சொன்னான். டெனீஸ் முகம் மலர்ந்து, தனக்கு ஜார்ஜியா என்றும், சாப்பிட்டாயிற்று என்றும் பதில் சொன்னாள்.

"அய்யோ, உன்னக் கேட்டேன்யா. சரி விடு. இந்தம்மா காதுல தொங்குறது நல்லா இருக்கு, தங்கமா பித்தளையான்னுதான் தெரியல. இத அவுங்ககிட்டச் சொல்லிராத."

அதையும் சொன்னான். 'சொல்லிராத' என்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். டெனீஸ் காதைத் தொட்டுப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"தங்கம் இல்லையாம் அம்மா" என்றான் அவன், கொஞ்சமும் சிரிக்காமல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பிள்ளை நம் பிள்ளை இல்லை. தண்ணீர்க் குழாய். இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வந்துவிடும்.

டெனீஸ் பணியாரம் ஒன்று எடுத்துக்கொண்டாள். வீட்டில் யார் யார், ராத்திரி யார் எழுந்து பார்ப்பீர்கள், துணிக்கு என்ன சோப்பு என்றெல்லாம் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பிரமாதமாகப் பதில் சொன்னேன். பிறகு பேனாவைக் கையில் எடுத்தாள்.

"உங்கட மகள் பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க கஞ்சா பாவிச்சதை நீங்கள் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா."

எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மகள் சொல்லித் தந்தது.

எழுந்து போய் அரிசி மூட்டைக்குள் கையை விட்டேன். பாட்டில் அடியில் போயிருந்தது. தோள் வரைக்கும் விட்டுத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மேசையெல்லாம் அரிசி.

"அவ பாவிக்கல. நான் குடுத்தேன். இஞ்சின்னு சொல்லிக் குடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப என்னயக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றா."

டெனீஸ் போனைப் பார்த்தாள்.

"அம்மா," என்றான் அவன். "இதை நான் சொல்ல வேணும்."

"சொல்லுய்யா. ஒண்ணு விடாமச் சொல்லு."

சொன்னான். டெனீஸ் பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"இதுக்குள்ள கஞ்சா இருக்குதோ எண்டு கேக்கிறா."

"பொகைச்சாத்தான்யா அது கஞ்சா. நெய்யில வதக்குனா மருந்து."

"விளங்கேல்ல அம்மா. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இன்னொரு தடவை சொன்னேன். "பொகைச்சாத்தான் கஞ்சா. நெய்யில வதக்குனா..." எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன சொல்தான். இங்கிலீஷுக்குப் போவதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னபோது என் காதுக்கே அது சரியாகப் படவில்லை. பாதியிலே நிறுத்திவிட்டேன். "ஆமாய்யா. இருக்கு" என்றேன்.

நீங்களும் சாப்பிடுவீர்களா என்று கேட்டாள். தினமும் கொஞ்சம், முழங்காலுக்கு என்றேன். இங்கே வந்த நாள் முதலாகவா? ஆமாம். இன்றைக்குமா? பொய் சொல்ல மனம் வரவில்லை. "காலையில பணியாரம் சுடறதுக்கு முன்னாடி." டெனீஸ் பணியாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதுல இல்ல! அதுல வெறும் வெல்லம்!" என்று கத்தினேன். அதை அவன் கத்தாமல் சொன்னான். டெனீஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் ஆடியது.

திரும்பியபோது முகம் மாறியிருந்தது. "பிள்ளை சின்னனாப் பிறந்தது இதாலயோ, வாந்தியாலயோ எண்டு ஒருத்தராலும் சொல்லேலாதாம் அம்மா. ஆனால் வயித்தில பிள்ளை இருக்கேக்க இது எந்த வடிவத்திலயும் கூடாதாம். புகை எண்டாலும் சரி, நெய் எண்டாலும் சரி. தாய் தின்னுறது பிள்ளைக்கும் போகுமாம். எடை குறையலாம், வளரேக்க வேற பிரச்சினையும் வரலாம். டொக்டர்மார் தொடர்ந்து பாப்பினமாம்."

எனக்கு அந்த மீன் தொட்டி ஞாபகம் வந்தது.

"அய்யா, இந்தம்மாட்டச் சொல்லு. என்னய என்ன வேணாலும் பண்ணட்டும். ஜெயில்னாலும் போறேன், ஊருக்குன்னாலும் போறேன். புள்ளய அவ அம்மாகிட்டயிருந்து எடுக்க வேணாம்னு சொல்லு."

இன்றைக்கு எதையும் வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். போனை அணைக்கப் போகும் நேரத்தில் அவன், "கவனமா இருங்கோ அம்மா" என்றான். அதையும் இங்கிலீஷில் சொன்னான். டெனீஸ் தலையாட்டினாள்.

ஜனவரி 22, புதன்

மாப்பிள்ளை என்னைக் கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஏன் அத்தை முன்னாடியே சொல்லல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

ஆஸ்பத்திரியில் வைகை சத்தம் போட்டாள். "ஒரு வார்த்த சொல்லச் சொன்னேன். ஒரே வார்த்த. ஒனக்கு வாயே நிக்காதா?" பிறகு சத்தத்தைக் குறைத்து, "அந்தப் பாட்டில டெஸ்ட்டுல வந்த மொதநாளே எங்க முன்னாடி எடுத்து வச்சிருக்கலாம்ல" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. நான் கொண்டுபோன பணியாரத்தை மாப்பிள்ளை முதலில் தின்று பார்த்துவிட்டு அவளுக்குக் கொடுத்தார்.

ஜனவரி 24, வெள்ளி

சீனிக்கட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள்! வேறு வீட்டுக்கு இல்லை! இந்த வீட்டுக்கு! ஆரத்தி கரைத்து வாசலில் நின்றேன், பனியில் ஊற்றியதும் பனி சிவப்பானது. மேல்வீட்டு வெள்ளைக்காரர் ரத்தமென்று கத்தியே விட்டார். மாப்பிள்ளை ஓடிப்போய் மஞ்சளும் சுண்ணாம்பும் என்று விளக்கினார். ஒரு வாரமாகச் சிரிக்காத மனுஷன் அங்கேதான் சிரித்தார்.

டெனீஸ் வந்து தீர்ப்பைச் சொன்னாள். பாட்டிலைச் சோதித்ததில் நான் சொன்னது சரியாகிவிட்டது. வைகைக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதிவிட்டார்கள். குழந்தை தாயோடு இருக்கலாம். டெனீஸ் கொஞ்ச நாள் வந்து வந்து பார்ப்பாள். வைகைக்கு நான் எந்த மருந்தும் கொடுக்கக்கூடாது, கஷாயம்கூட. எனக்கும் வேண்டுமானால் டாக்டர் தருகிற மாத்திரைதான்.

கடைசியாக ஒன்று. நான் குழந்தையோடு தனியாக இருக்கக்கூடாது. தூக்கும்போது பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

போனில் அதே பையன்தான். இதை மட்டும் மெதுவாகச் சொன்னான், எனக்கு வலிக்கும் என்று.

"எய்யா, நான் புள்ளயத் தூக்கறத வேடிக்க பாக்க அமெரிக்கா அரசாங்கமே ஆளு போடுதா?" என்றேன். "எங்க ஊர்ல ராணிமார்க்குத்தான் அப்படி."

அவன் அதை மொழிபெயர்க்கும்போது குழாயில் ஓர் ஓட்டை விழுந்தது. முதல் தடவையாக அவன் சிரித்துவிட்டான்.

ஜனவரி 27, திங்கள்

மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டதால் இன்று வைகைதான் காவல்.

நான் சீனிக்கட்டியை மடியில் போட்டுக்கொண்டேன். வைகை எதிரில் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் சரியாகப் பேச்சு இல்லை. சோறு போடு, துணி எடு, அவ்வளவுதான்.

"ஏ தாயி, சட்டப்படி என்னயப் பாக்கணும். போனப் பாத்தா டெனீஸ்கிட்டச் சொல்லிருவேன்" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சீனிக்கட்டி கொட்டாவி விட்டாள். இவ்வளவு சின்ன வாய்க்குள் எவ்வளவு பெரிய கொட்டாவி! நானும் விட்டேன். அதைப் பார்த்து வைகையும் விட்டாள். உடனே என் சீனிக்கட்டி, சரியான நேரம் பார்த்து, என் பட்டுச்சேலையில் வெதுவெதுவென்று ஒன்றுக்கிருந்தாள். நான் அசையவில்லை. "ஆகா, இத எங்க அனுப்பி டெஸ்ட் எடுக்கப் போறாங்களோ!" என்றேன்.

வைகை சிரித்துவிட்டாள். சிரிக்கக்கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. நானும் சிரித்தேன். பாட்டில் போய் ஆறு நாளாகிறது, அது இல்லாமலே அதே சிரிப்புத்தான் வந்தது.

சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள். "அம்மா, நெசமாச் சொல்லு. இவளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. வாந்திக்கு, வாயுவுக்கு, கண்திருஷ்டிக்கு. வாயைத் திறந்தேன்.

"தெரியல தாயி," என்றேன். "டாக்டரம்மாட்டக் கேப்போம். எத்தன தடவ வரச் சொல்றாங்களோ அத்தன தடவையும் போவோம்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு போனைச் சோபாவில் போட்டுவிட்டு எழுந்து வந்து என் பின்னால் உட்கார்ந்தாள்.

எதிரில் உட்கார்ந்து பார்த்தாலே சட்டத்துக்குப் போதும். அவள் என் தோளில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.